படத்துக்குக் கீழே வெள்ளை இடம்

என் கையெழுத்தைப் படிக்கப் போகிறவர்கள் முதலிலேயே பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். கோடு போட்ட தாளில் எழுதினாலும் என் வரி கீழ்ப்பக்கமாகச் சரிந்துகொண்டே போகும். ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். அதுவும் வால்பாறை எஸ்டேட் பள்ளிக்கூடத்தில். மழைக்காலத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் பள்ளிக்கூடம் அது. எந்த இடத்தில் எந்த லகரம் வரும் என்பது எனக்கு இன்றுவரை சந்தேகம்தான். திருத்தி எழுதித் தருவதாக என் மகள் சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகும் பிழை இருந்தால் அது என்னுடையது, அவளுடையது அல்ல.

இதை எழுதச் சொன்னவர் என்னைவிட நன்றாகப் பேசத் தெரிந்தவர். அவர் வாயால் கேட்டிருந்தால் நீங்கள் சிரித்திருப்பீர்கள். எனக்கு அந்த வித்தை வராது. நடந்ததை நடந்தபடி எழுதிப் பார்க்கிறேன்.

கணபதியில் வெட் கிரைண்டர் செய்யும் ஒரு சின்னப் பட்டறையில் வேலை செய்கிறேன். கல்லைப் பொருத்தி, பெல்ட் மாட்டி, ஓடவிட்டுச் சத்தம் கேட்டுப் பார்ப்பது என் வேலை. கிரைண்டரோடு பேச வேண்டியதில்லை என்பதால் இந்த வேலை எனக்குப் பொருந்திவிட்டது. நாலு பேர் முன்னால் நின்றால் எனக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது. கல்யாண வீட்டில் எல்லோரும் மேடையேறி மாப்பிள்ளை பெண்ணோடு நின்று படம் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் நான் சாப்பிடப் போய்விடுவேன். சொந்தக்காரர்கள் யாருடைய ஆல்பத்திலும் நான் இல்லை. "பந்தீல தேடுனா கெடைப்பாரு" என்று என் மனைவி சொல்வாள்.

அப்படிப்பட்டவன் கையில் ஒரு கேமரா வந்தது. ஒரு பொங்கலுக்கு முன்னால் முதலாளி வீட்டில் வெள்ளையடித்தார்கள். பீரோவை நகர்த்த எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். பரணிலிருந்து இறக்கிய சாமான்களில் ஓடாத ரேடியோவும் கைப்பிடி உடைந்த இஸ்திரிப் பெட்டியும் இருந்தன. அவற்றோடு அந்தக் கேமராவும் கிடந்தது. முதலாளியின் மாமனார் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தாராம். செங்கல் அளவுக்கு இருந்தது. முன்பக்கம் அடியில் நீளமாக ஒரு வாய். பொத்தானை அமுக்கினால் அந்த வாய் வழியாகப் படமே வெளியே வந்துவிடும் என்று முதலாளி காட்டினார்.

"இனி இது வேலைக்காவாதுங்க. பிலிமே வாரதில்ல. பழைய இரும்புல போட்டுறலாம்" என்றார்.

"நான் எடுத்துக்கட்டுங்களா?" என்றேன்.

அவரிடம் நானாக ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவருக்கும் அது தோன்றியிருக்க வேண்டும். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு தன் வேட்டி முனையால் தூசியைத் துடைத்துக் கொடுத்தார்.

என் மகள் சரவணம்பட்டிப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள். அவள்தான் செல்போனில் தேடிப் பார்த்து, அந்தப் பழைய கேமராவுக்கு இன்னமும் வெளிநாட்டில் ஃபிலிம் செய்கிறார்கள் என்று கண்டுபிடித்தாள். வரவழைத்தும் கொடுத்தாள். ஒரு பெட்டியில் எட்டுப் படம். விலையை என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஃபிலிமைப் பிரிட்ஜில் வைக்க வேண்டும், எடுப்பதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் வெளியே வைத்துக் குளிர் ஆற்ற வேண்டும் என்று பெட்டியில் எழுதியிருந்ததாம். என் மனைவி பிரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு, "மாவுக்கும் தயிருக்கும் நடுவுல இதென்னுங்க கூத்து" என்றாள். ஆனாலும் மாவுப் பாத்திரத்தைக் கீழ்த்தட்டுக்கு மாற்றிக்கொண்டாள்.

இந்தக் கேமராவைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பொத்தானை அமுக்கியதும் உள்ளே ஒரு சத்தம் வரும். ஒரு சின்ன மோட்டார் ஓடுகிற சத்தம். எனக்கு மோட்டார் சத்தம் பழக்கம் என்பதால் அது பிடிக்கும். பிறகு உள்ளங்கை அளவு அட்டை வெளியே வரும். அதில் அப்போது ஒன்றும் தெரியாது. வெளிச்சம் படாமல் குப்புற வைத்துக் காத்திருக்க வேண்டும். கால் மணி நேரம் கழித்துத் திருப்பினால் படம் வந்திருக்கும். சுற்றி வெள்ளைக் கரை. கீழ்ப்பக்கம் மட்டும் கரை அகலமாக இருக்கும். அந்த இடத்தில் தேதியோ பெயரோ எழுதிக்கொள்ளலாம்.

நெகட்டிவ் கிடையாது. ஒன்று எடுத்தால் ஒன்றுதான். அதனாலேயோ என்னவோ, இதன் முன்னால் ஆட்கள் வேறு மாதிரி உட்காருவதைப் பார்த்திருக்கிறேன். செல்போனைத் தூக்கினால் பேசிக்கொண்டே திரும்பிப் பார்ப்பார்கள். சரியில்லை என்றால் இன்னொன்று எடுக்கலாம். இதற்கு அப்படியில்லை. உள்ளே போய்த் தலை சீவிக்கொண்டு வருவார்கள். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்வார்கள். எடுத்த பிறகும் யாரும் எழுந்து போவதில்லை. அட்டை குப்புறக் கிடக்கும், எல்லோரும் சுற்றி உட்கார்ந்து சும்மா பேசிக்கொண்டிருப்பார்கள். சில வீடுகளில் அந்தக் கால் மணி நேரம் பேசியதுதான் எனக்கு ஞாபகம் இருக்கிறது. படம் எப்படி வந்தது என்பது மறந்துவிட்டது.

எனக்கு இதில் சொந்த லாபமும் ஒன்று உண்டு. அந்தச் சின்னக் கண்ணாடி ஓட்டை வழியாகப் பார்க்கும்போது நான் ஒருவருடைய முகத்தை நேராகப் பார்க்கலாம். அவர்கள் தப்பாக நினைக்க மாட்டார்கள். என் வயதில் அதுவரைக்கும் நான் அப்படிப் பார்த்த முகங்கள் குறைவு.

ஊருக்கு ஊர் படத்தின் நிறம் மாறும். வால்பாறையில் என் தம்பி வீட்டு வாசலில் எடுத்தது குளிருக்கு நீலம் பூத்து வந்தது. சட்டைக்குள் வைத்துச் சூடு கொடுத்தும் சரியாகவில்லை. காங்கேயத்தில் வெயிலில் எடுத்தது சிவந்து போனது. அங்கே கிரைண்டர் வாங்கும் ஒரு கடைக்காரர் வீட்டில் ஒரு மயிலைக் காளை நின்றது. அவர் ஆசைப்பட்டு அதைப் படம் எடுக்கச் சொன்னார். திருப்பிப் பார்த்தால் சாம்பல் நிறக் காளை செங்கல் நிறத்தில் நின்றது.

"மயிலைய நிறுத்துனீங்க, செவலையாக்கிக் குடுத்துட்டாரு எங்க அண்ணன். சந்தைக்குக் கொண்டுபோனா வேற வெலைங்க" என்று ஒருவர் பக்கத்திலிருந்து சொன்னார். கடைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

சொன்னவர்தான் இந்தக் கதைக்கு உரியவர். எங்கள் பட்டறை கிரைண்டர்களைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக் கடைகளுக்குக் கொண்டுபோகும் டிரைவர். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். என்னை அண்ணா என்பார். அவர் மனைவி எங்கள் பட்டறையிலேயே மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றுகிறார். பிள்ளைகள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இரண்டு பேரும் கோயிலுக்குப் போய்ப் பூசை பார்ப்பார்கள். அந்தக் கோயில் பாதிரியாரையே சிரிக்க வைத்துவிடுவார் என்று பேர் வாங்கியவர் அவர். வண்டியில் நான் கூடப் போனால் கணபதியிலிருந்து காங்கேயம் வரைக்கும் அவர் பேசுவார், நான் கேட்பேன். எங்கள் சிநேகம் அப்படி.

அவருக்குத் தாடையில் ஒரு கட்டி வந்தது. புகையிலைப் பழக்கம் இருந்தது. முதலில் பல்வலி என்று நினைத்துக் கிராம்பு வைத்துக்கொண்டார். பிறகு கன்னம் வீங்கியது. பெரிய ஆஸ்பத்திரியில் சோதித்துவிட்டு, ஆப்பரேசன் செய்து தாடையில் ஒரு பகுதியை எடுக்க வேண்டும் என்றார்கள்.

அப்போது ஒரு சங்கதி நடந்தது. அவருடைய சொந்தக்காரர் ஒருவர், நல்ல எண்ணத்தில்தான், வீங்கிய கன்னத்தோடு அவரைச் செல்போனில் படம் எடுத்து, ஜெபம் செய்யச் சொல்லி ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்டார். படம் குழுவுக்குக் குழு போனது. போகப் போக எழுதியிருந்தது விட்டுப்போய்ப் படம் மட்டும் மிஞ்சியது. யாரோ அதற்குக் கீழே ஆழ்ந்த இரங்கல் என்று எழுதி, பூவும் மெழுகுவர்த்தியும் வைத்து அனுப்பிவிட்டார்கள். அது சுற்றி வந்து கடைசியில் அவருடைய செல்போனுக்கே வந்தது.

பட்டறையில் எல்லோருக்கும் அதைக் காட்டினார். "எனக்கே துக்கம் விசாரிச்சிருக்கறாங்க பாருங்ணா. பதில் போடறதா வேண்டாமான்னு தெரியல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவர் முகத்துக்கு நேராக யாராவது செல்போனைத் தூக்கினால் கையால் மறைத்துக்கொண்டார். மனைவி எடுத்தாலும் அப்படித்தான்.

ஆப்பரேசனுக்கு நாள் குறித்த பிறகு என்னிடம் வந்தார்.

"ஏனுங்ணா, உங்க கேமராவுல எடுத்தா அது வேற எங்கியும் போவாதல்லங்க?"

"போவாதுங்க. அந்த ஒரு அட்டைதான்."

"அப்ப எங்க ரெண்டு பேரையும் ஒண்ணு எடுத்துக் குடுங்ணா. மூஞ்சி இருக்கறப்பவே எடுத்துப் போடோணும்."

அவர்களிடம் இரண்டு பேரும் சேர்ந்திருக்கும் படம் ஒன்றுகூட இல்லை. கல்யாண ஆல்பம் இருந்தது. முன்பு குடியிருந்த வீட்டில் ஒரு மழைக்குத் தண்ணீர் புகுந்தபோது ஆல்பம் நனைந்து, பக்கங்கள் ஒட்டிக்கொண்டு, பிரித்தபோது முகங்கள் உரிந்து வந்துவிட்டன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த பிறகு அவர்கள் வீட்டுக்குப் போனேன். வரிசையாக ஆறேழு வீடுகள் இருக்கும் லைன் வீடு. பெட்டியில் கடைசி ஃபிலிம் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அவர் சலவைச் சட்டை போட்டிருந்தார். வீங்கிய பக்கம் தெரியாமலிருக்க மனைவி பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"நான் வராமப் போனா இதையே பெருசு பண்ணிச் செவுத்துல மாட்டீரு" என்றார் மனைவியிடம்.

"வாயக் கழுவுங்க மொதல்ல" என்றார் மனைவி.

அந்த நேரத்தில் அமுக்கினேன். குப்புற வைத்துக் காத்திருந்து திருப்பியபோது படம் நன்றாக வந்திருந்தது. மனைவி ஏதோ சொல்கிற மாதிரியும் அவர் தலையைச் சாய்த்துக் கேட்கிற மாதிரியும் இருந்தது. கட்டி தெரியவில்லை.

"கல்யாணமாயி இத்தன வருசத்துல இவ பேச்ச நான் கேட்டதுக்கு ஒரு சாட்சி கெடச்சுப் போச்சுங்ணா" என்றார். கீழே இருந்த வெள்ளை இடத்தைக் காட்டி, தேதியை எழுதித் தரச் சொன்னார்.

என் எழுத்து அசிங்கமாக இருக்கும் என்று சொல்லிப் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர்களை எழுதச் சொன்னேன். எடுத்தவர்தான் எழுத வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். கடைசியில் யாரும் எழுதவில்லை.

அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மறுநாள் காலை ஆப்பரேசன் என்று இருக்கும்போது, மத்தியானம் அவர் மனைவி பட்டறைக்கு வந்தார். காயில் சுற்றும் இடத்துக்குப் போகாமல் நேராக என்னிடம் வந்து நின்றார். கைப்பையிலிருந்து காப்பீட்டு அட்டை வைக்கும் உறையை எடுத்து, அதற்குள்ளிருந்து அந்தப் படத்தை எடுத்தார். இரண்டு பக்கமும் கெட்டியான பிளாஸ்டிக் ஒட்டியிருந்தது.

"காப்பீட்டு அட்டைய லேமினேசன் போடச் சொன்னாங்கன்னு ஆஸ்பத்திரிக்கு எதுத்தாப்பல ஜெராக்ஸ் கடைக்குப் போனேனுங்ணா. கூடவே இதையும் குடுத்துட்டேன். ஆல்பம் மாதிரி இதுவும் தண்ணீல போயிறக் கூடாதுன்னு" என்றார்.

எங்கள் வீடுகளில் ஒன்றைப் பத்திரமாக வைப்பது என்றால் லேமினேஷன் போடுவதுதான். என் ரேஷன் கார்டு, ஆதார், மகளின் மார்க் ஷீட்டுகள் எல்லாம் அப்படித்தான் பீரோவில் இருக்கின்றன. என்னிடம் கேட்டிருந்தாலும் போடச் சொல்லியிருப்பேன். கடைக்காரருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. மற்றப் படங்கள் மாதிரி இது வெறும் காகிதம் இல்லை. உள்ளே மருந்து இருக்கிறது. சூடான உருளைக்குள் போனதும் மருந்து கொதித்துவிட்டது.

படத்தில் அவர் இருந்த பாதி கெட்டியான டீ டிகாஷன் நிறத்தில் கொப்புளித்துக் கிடந்தது. அவருடைய முகம் இல்லை. மனைவி இருந்த பாதி மங்கலாக இருந்தாலும் முகம் அப்படியே தெரிந்தது.

"பாருங்ணா. நான் மட்டும் இருக்கறேன்" என்றார்.

பக்கத்தில் ஒரு கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினேன்.

"இன்னொண்ணு போட்டுக் குடுங்ணா."

"இதுக்கு நெகட்டிவ் கெடையாதுங்க அம்மணி."

"அப்பச் சாயங்காலம் வந்து இன்னொருக்கா எடுத்துருங்ணா. வார்டுலதான் இருக்காரு. காலைல கொண்டுபோறதுக்குள்ள எடுத்துட்டாப் போதும்."

ஃபிலிம் தீர்ந்துவிட்டது, மகளிடம் சொல்லியிருக்கிறேன், வர நாலைந்து நாள் ஆகும் என்று சொன்னேன். அவர் கைப்பையிலிருந்து செல்போனை எடுத்தார். அதைப் பார்த்தார். திரும்ப உள்ளேயே வைத்துவிட்டார். படத்தைக் காப்பீட்டு அட்டையோடு சேர்த்து உறையில் செருகினார்.

"அவருகிட்டச் சொல்லீராதீங்ணா. பத்திரமா இருக்குதுன்னு சொல்லி வெச்சிருக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆப்பரேசன் முழுப் பகலும் நடந்தது. பிழைத்துக்கொண்டார். கீழ்த்தாடையில் ஒரு பக்கம் எடுத்துவிட்டு, நெஞ்சிலிருந்து தோலும் சதையும் எடுத்துக் கன்னத்தில் வைத்துத் தைத்திருந்தார்கள். நான் ஒருமுறை வார்டுக்குப் போனேன். கண் மட்டும் பழைய கண்ணாக இருந்தது. கூட்டமாக இருந்ததால் பேசாமல் திரும்பினேன். கூட்டம் இல்லாவிட்டாலும் பேசியிருக்க மாட்டேன்.

அவர் வீட்டுக்கு வந்து சில வாரங்கள் கழித்து மனைவி பாதி நாள் வேலைக்கு வரத் தொடங்கினார்.

"பிலிம் வந்துருச்சுங்களாண்ணா?" என்று ஒருநாள் கேட்டார்.

"வந்து பிரிட்ஜுல இருக்குதுங்க."

"இருக்கட்டுங்க. இப்பத்திக்கு வேண்டாம்."

அவர் வீட்டுக்குப் போவதை நான் தள்ளிப்போட்டேன். போனால் படத்தைப் பற்றிப் பேச்சு வரும். பொய் சொல்ல எனக்கு வராது. உண்மையைச் சொல்ல உரிமை இல்லை. ஆனால் அவருக்குப் பதிலாக வண்டி ஓட்ட வந்த புது டிரைவர் ஒரு சனிக்கிழமை என்னிடம் வந்து, "பழைய அண்ணன் உங்களக் கேமரா எடுத்துட்டு வரச் சொல்லி ஆள் உட்டிருக்காருங்க. உடனேன்னாரு" என்றார்.

வீட்டுக்குப் போய்ப் பிரிட்ஜிலிருந்து ஃபிலிமை எடுத்துப் போட்டுக்கொண்டு அப்படியே போனேன். மத்தியான நேரம். அவர் கட்டிலில் தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்கில் குழாய் இருந்தது. கன்னத்தில் தைத்த தோல் மற்றத் தோலைவிடக் கறுப்பாக, ஒட்டுப் போட்ட மாதிரி இருந்தது. என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினார். ஏதோ சொன்னார். வாய் நிறைய வெற்றிலையை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"வாங்கண்ணாங்கறாருங்க" என்றார் மனைவி. அவருக்கு மட்டும் அந்தப் பேச்சு பழகியிருந்தது.

அவர் என் பையைக் காட்டி மறுபடியும் ஏதோ சொன்னார்.

"காப்பி குடிக்கச் சொல்றாரு."

அவர் இல்லையென்று தலையை ஆட்டி இன்னொரு தடவை சொன்னார்.

"வெயில் தாழ்ந்து போலாமுங்கறாரு."

அவர் பக்கத்திலிருந்த டம்ளரை எடுத்துக் கட்டில் சட்டத்தில் ஓங்கித் தட்டினார்.

"சரி சரி, போட்டா எடுக்கோணுமாமுங்க. நாந்தான் வேண்டாமுங்கறேன்" என்றார் மனைவி. அவரைப் பார்க்காமல் என்னிடமே சொன்னார். "இன்னும் ரெண்டு மாசம் போனா வீக்கம் வத்தீருமுன்னு டாக்டரு சொல்லியிருக்காரு. குழாயும் எடுத்துருவாங்க. அப்ப எடுத்தா ஆகாதுங்களா? இப்ப என்ன அவசரம்? அதுதான் பழசு ஒண்ணு இருக்குதல்ல."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் தலையணைக்கு அடியில் கையை விட்டு, லேமினேஷன் போட்ட அந்தப் படத்தை எடுத்துக் கட்டிலில் வைத்தார். பிறகு நிதானமாக, நிறுத்தி நிறுத்திப் பேசினார். மனைவி பழக்கத்தில் அதையும் எனக்குச் சொல்லத் தொடங்கினார்.

"ஆப்பரேசனுக்குப் போற அன்னைக்குக் காலைல... நர்சம்மா வந்து அட்டையக் கேட்டாங்களாமா... நான் தண்ணி புடிக்கப் போயிருந்தேனாமா... இவரே உறைக்குள்ள கைய உட்டு..."

மனைவி அதோடு நிறுத்திவிட்டார். அவர் பேசிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு எனக்குச் சொல்ல ஆள் இல்லை. ஆனால் எனக்கே கொஞ்சம் பிடிபட ஆரம்பித்திருந்தது. சொன்னா நீ பயந்துக்குவே என்பது இரண்டு தடவை வந்தது.

எனக்குப் புரிந்தது இதுதான். அவரை ஆப்பரேசன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது, போட்டா பத்திரமா இருக்குதா என்று கேட்டிருக்கிறார். இருக்குதுங்க என்று மனைவி சொல்லியிருக்கிறார். அதற்கு முன்பே அவர் பார்த்துவிட்டு, இருந்த மாதிரியே திரும்பச் செருகி வைத்திருக்கிறார்.

"தெரிஞ்சுட்டே எதுக்குங்க என்றகிட்டக் கேட்டீங்க?" என்றார் மனைவி.

அவர் ஏதோ சொன்னார். மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்தார். துடைக்கும்போதே சிரித்த மாதிரியும் இருந்தது.

"என்ன சொல்றாருங்க?" என்று கேட்டேன். நானாகக் கேட்டேன்.

"நான் பொய் சொன்னா மூக்கு நுனி செவக்குமாமுங்க. ஒருக்கா அதப் பாத்துட்டுப் போலாமுன்னு கேட்டாராமா."

அடுத்த வீட்டில் குக்கர் விசில் அடித்தது. பிறகு மனைவி எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார். சீப்பை எடுத்து அவர் தலையைச் சீவினார். குழாயை ஒட்டியிருந்த பிளாஸ்திரியை அழுத்திவிட்டார். கட்டிலில், தைத்த கன்னத்தின் பக்கமாகவே உட்கார்ந்தார். இந்தத் தடவை அவர் எந்தப் பக்கமும் திரும்பவில்லை. நேராகக் கேமராவைப் பார்த்தார். நானும் ஓட்டை வழியாக அவரை நேராகப் பார்த்தேன்.

"எடுங்ணா" என்றார் மனைவி.

எடுத்தேன். குப்புற வைத்துக் காத்திருந்தோம். அந்தக் கால் மணி நேரமும் அவர்தான் பேசினார். புது டிரைவர் வண்டியை எப்படி ஓட்டுகிறார், கிளட்சைக் காலால் மிதித்துக்கொண்டே ஓட்டுகிறாரா என்று விசாரித்தார். மனைவி எடுத்துச் சொல்ல, நான் ஆமாம் இல்லை என்றேன்.

திருப்பினேன். அவசரத்தில் ஃபிலிமுக்குக் குளிர் ஆறவில்லை. படம் வால்பாறையில் எடுத்ததுபோல நீலம் பூத்து வந்திருந்தது. சுவரும் சட்டையும் நீலம். கன்னத்து ஒட்டு தெரிந்தது, குழாய் தெரிந்தது, மனைவியின் கண் அழுத கண் என்பதும் தெரிந்தது. இரண்டு பேரும் இருந்தார்கள். மனைவி படத்தை வாங்கி, இரண்டு கைகளிலும் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

அவர் எட்டிப் பார்த்து ஏதோ சொன்னார்.

"ஊட்டீல எடுத்த மாதிரி இருக்குதாமா. பஸ் ஏறாமயே போயிட்டு வந்துட்டமாமா" என்றார் மனைவி.

பிறகு அவர் என் பக்கம் பேனாவை நீட்டி, கீழே இருந்த வெள்ளை இடத்தைக் காட்டினார். நான் வழக்கம்போல என் எழுத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் சொன்னதை மனைவி சொன்னார்.

"என்ற பேச்ச விடவா உங்க எழுத்து மோசம்ங்கறாரு."

ஆனாலும் அன்றைக்கு எழுதவில்லை. பழகிக்கொண்டு வந்து எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்தப் படம் இப்போது அவர்கள் வீட்டில் மாதா படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பஸ் பாஸ் வைக்கும் சாதாரண பிளாஸ்டிக் உறையில் போட்டு ஆணியில் மாட்டியிருக்கிறார்கள். லேமினேஷன் போட்டதையும் தூக்கிப் போடவில்லை. அதே உறையில் பின்பக்கமாகச் செருகி வைத்திருக்கிறார் மனைவி. அவருக்குக் குழாய் எடுத்துவிட்டார்கள். கஞ்சி குடிக்கிறார். வண்டி ஓட்டுவதில்லை. பட்டறை வாசலில் சரக்கு ஏற்றுவதைப் பார்த்துக்கொள்கிறார். பேச்சு முன்னைவிடத் தெளிந்திருக்கிறது. புது ஆட்களுக்குப் புரியாது, எங்களுக்குப் புரிகிறது. முன்பு போலவேதான் பேசுகிறார். கேட்பவர்கள் சிரிப்பதற்குக் கொஞ்சம் நேரம் கூடுதலாக ஆகிறது, அவ்வளவுதான்.

பார்க்கும்போதெல்லாம் வெள்ளை இடத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார். இதற்குள் இன்னொரு சிக்கலும் வந்துவிட்டது. அந்தப் படம் எடுத்தது எந்தத் தேதி என்பது மூன்று பேருக்கும் மறந்துவிட்டது. செல்போனில் எடுத்திருந்தால் அது சொல்லிவிடும். இது சொல்லாது. சனிக்கிழமை என்பது மட்டும்தான் தெரியும்.

"எழுதற தேதியவே போடுங்ணா, போதும்" என்றார் போன மாதம். "மொதல்ல தாளுல எழுதிப் பழகுங்க. நடந்தது பூராத்தையும் எழுதுங்க. எழுதி முடிக்கறப்ப கை திருந்தீரும். கடசீல ஒரு தேதி போடுவீங்கல்ல, அதையே வந்து படத்துலயும் எழுதீருங்க."

கை திருந்தியதா என்று தெரியவில்லை. இந்தப் பக்கத்திலும் வரி கீழே சரிந்துதான் போகிறது. ஆனால் எழுதி முடித்துவிட்டேன். பூசை முடிந்து அவர்கள் வந்திருப்பார்கள். பேனாவை எடுத்துக்கொண்டு இப்போது அவர்கள் வீட்டுக்குப் புறப்படுகிறேன். அந்த வெள்ளை இடத்தில் எழுதப் போவதை இங்கே ஒருமுறை எழுதிப் பார்த்துக்கொள்கிறேன்.

நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை.